மேல்குரலும் அடிக்குரலும்

வாத்தியக் குழுவுக்கு இசை எழுதப் பழகும்போது நாம் முதலில் கற்பது வரிசை. பழைய ஜாஸ் குழுக்களில் கிளாரினெட் மேலே, டிரம்பெட் நடுவே, டிரம்போன் கீழே. அதுவே அவற்றின் இயல்பு என்று சொல்லித்தருவார்கள். இயல்பு என்ற சொல்லைக் கேட்டதும் சற்று நின்று யோசிக்க வேண்டியவர்கள் நாம்.

1930இல் ட்யூக் எலிங்டன் ‘மூட் இண்டிகோ’வில் இந்த வரிசையைப் புரட்டினார். அப்போது அவர் குழு நியூயார்க் காட்டன் கிளப்பில் வாசித்துவந்தது. மேடையில் கறுப்பர்கள், இருக்கைகள் வெள்ளையருக்கு. எலிங்டன் கிளாரினெட்டை அதன் அடிக்குரலுக்கு இறக்கினார். டிரம்போனின் வாயை அடைப்பானால் மூடி, அதன் உச்சக் குரலுக்கு ஏற்றினார். அடைப்பானிட்ட டிரம்பெட்டுக்கு மேல்சுரம் தந்தார். மூன்றும் மெதுவாகச் சேர்ந்து நகர்ந்தபோது, எது எந்த வாத்தியம் என்று எளிதில் பிரித்தறிய முடியாத புதிய நிறம் பிறந்தது.

பிகார்டின் கிளாரினெட், நேன்டனின் டிரம்போன், வெட்ஸலின் டிரம்பெட் ஆகியவை எப்படி ஒலிக்கும் என்பதை அறிந்து, அந்த ஆட்களுக்காகவே எழுதியதால் கிடைத்த பலன் இது.

எனவே மாணவத் தோழர்களே, எழுதுமுன் உங்கள் குழுவில் உள்ள ஒவ்வொருவரையும் தனித்தனியே வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பறையைத் தாளத்துக்கு மட்டும் என்று ஒதுக்காதீர்கள். தீயில் காய்ச்சியதும் அதன் குரல் ஏறுவதையும், அடிக்குச்சியும் சிம்புக்குச்சியும் தரும் வெவ்வேறு ஒலிகளையும் தாளில் குறியுங்கள். பிறகு, அதற்கு எந்த இடம் என்பதை நாமே முடிவுசெய்வோம்.