பெட்ரோல் குடிக்கும் பழைய பத்மினி



"வண்டி பெட்ரோல் குடிக்குது" என்று புலம்பாத பழைய கார்க்காரர் யாரும் இல்லை. மெக்கானிக் கடைக்குப் போனால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் கிடைக்கும். ஒன்று, "கார்புரேட்டரைக் கழட்டி சர்வீஸ் பண்ணிடலாம்". இல்லாவிட்டால், "இன்ஜின் போயிடுச்சு, போர் பண்ணணும்". முதலாவதற்குச் சில நூறு ரூபாய், இரண்டாவதற்குப் பல ஆயிரம். இந்த இரண்டுக்கும் நடுவே எத்தனையோ காரணங்கள் இருக்கின்றன. அவற்றை எந்த வரிசையில் பார்ப்பது, எதை வைத்து உறுதி செய்வது என்பதை, நானே கைவைத்துப் பார்த்த ஒரு பிரீமியர் பத்மினியை வைத்து எழுதுகிறேன்.

அந்த வண்டி என் தாய்மாமாவுடையது. 1089 சி.சி., நாலு சிலிண்டர், ஸ்டீயரிங்கை ஒட்டி கியர். மாமா வீட்டில் இட்லி மாவு அரைத்து விடியற்காலையில் கடை கடையாகப் போடுகிறார். டிக்கியிலும் பின் சீட்டிலும் மாவு வாளிகள். தினமும் 42 கி.மீ. ஓட்டம். லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிவிட்ட காலத்தில், மாவில் வரும் லாபம் முழுக்க பெட்ரோல் பங்குக்கே போய்க்கொண்டிருந்தது. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். என் முதல் வருட ஃபீஸைக் கட்டியவர் அந்த மாமா. "என்ன மாப்ளே, டிப்ளமா படிக்கிறே, இது ஏன் இப்படிக் குடிக்குதுன்னு சொல்லு பாப்போம்" என்றார். முப்பது வருஷம் தொழில் செய்த மெக்கானிக் ஒருவர் அதற்குள், "ரிங் தேஞ்சு போச்சு, போர் பண்ணணும், நாப்பதாயிரம் ஆகும்" என்று சொல்லியிருந்தார். அந்தப் பணம் மாமாவிடம் இல்லை. பழைய இரும்புக்காரர் ஒருவர் வந்து வண்டிக்கு விலையும் பேசிவிட்டுப் போயிருந்தார். "பெரியவங்க சொன்னப்புறம் நீ என்னத்தடா கண்டே" என்றார் அம்மா.

முதலில் அளந்து பார்க்க வேண்டும்

"குடிக்குது" என்பது அளவு ஆகாது. ஒரே பங்கில், ஒரே இடத்தில் நிறுத்தி, டேங்கைக் கழுத்து வரை நிரப்பி, நூறு கி.மீ.க்குக் குறையாமல் ஓட்டி, மறுபடி அதே அளவு நிரப்பினால் எத்தனை லிட்டர் பிடிக்கிறதோ அதுதான் செலவு. மாமா வண்டியில் மீட்டர் கேபிள் அறுந்து கிடந்தது. அதனால் தூரத்தை செல்போன் மேப்பில் எடுத்தோம். இரண்டு தடவை பார்த்ததில் லிட்டருக்கு 7.6 கி.மீ. வந்தது. நல்ல நிலையில் இருந்தபோது 12, 13 கொடுத்த வண்டி என்கிறார் மாமா. ஆக, குறை உண்மைதான்.

இன்ஜினைத் தொடுவதற்கு முன் இன்னொன்று. இன்ஜின் சரியாக இருந்தும் வண்டி உருளாமல் போகலாம். இந்த வண்டிக்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஜாக்கி போட்டுத் தூக்கி, நியூட்ரலில் வைத்து ஒவ்வொரு சக்கரமாகக் கையால் சுற்றினேன். பின் இடது சக்கரம் கால் சுற்றோடு நின்றுவிட்டது. வீல் சிலிண்டரில் பிஸ்டன் துருப்பிடித்துத் திரும்பாமல், லைனிங் டிரம்மில் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு டிரம் பக்கம் கையைக் கொண்டுபோனாலே சூடு தெரியும். (தொட்டுப் பார்க்காதீர்கள், கை பொத்துவிடும்.) டயரில் காற்றும் குறைவு. டேங்க், பைப் எதிலும் ஒழுக்கு இல்லை.

பிளக் சொல்லும் சேதி

இதுதான் என் கணக்கில் முக்கியமான இடம். பெட்ரோல் ஒழுங்காக எரிய ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும் என்று தியரியில் படிக்கிறோம். அதையே கண்ணால் பார்க்கிற மாதிரி சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குக் கிட்டத்தட்ட ஒன்பதாயிரம் லிட்டர் காற்று! அந்தக் காற்று குறைந்தாலும், பெட்ரோல் கூடினாலும் கரி விழும். அந்தக் கரி முதலில் தெரிவது ஸ்பார்க் பிளக்கின் மூக்கில்.

வண்டியை நன்றாக ஓட்டி, ஐடிலிங்கில் விடாமல் உடனே ஆஃப் செய்து, ஆறியதும் நாலு பிளக்கையும் கழட்டி வரிசையாக வைத்தேன். செங்கல் பழுப்பாக இருந்தால் கலவை சரி. வெள்ளையாக வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. எண்ணெய் ஈரத்தோடு கருப்பாக இருந்தால் ரிங் வழியாகவோ வால்வு வழியாகவோ ஆயில் ஏறுகிறது. கண் மை போல உலர்ந்த கருப்பு என்றால் பெட்ரோல் அதிகம். எங்களுக்கு வந்தது நாலிலும் உலர்ந்த கருப்பு.

இதிலிருந்து மூன்று முடிவுக்கு வரலாம். ஒரு பிளக் மட்டும் கருத்திருந்தால் அந்த சிலிண்டரின் பிளக்கையோ ஒயரையோ சந்தேகப்படலாம். நாலும் ஒரே மாதிரி கருத்தால் காரணம் நாலுக்கும் பொதுவான இடத்தில், அதாவது ஏர் ஃபில்டர், சோக், கார்புரேட்டர், இன்ஜின் சூடு இவற்றில் இருக்கிறது. இரண்டாவது, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாததால் ரிங் கதை சந்தேகத்துக்குரியது. மூன்றாவது, பக்கத்துக் கடைக்காரர் "எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோலால வந்த வினை" என்றாரே, அதுவும் இல்லை. 2025-இல் நாடு முழுக்க வந்துவிட்ட இ-20 பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம். எத்தனால் ஒரு லிட்டரில் உள்ள சக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். கணக்குப் போட்டால் மொத்தத்தில் 7 சதவீதம் போல சக்தி குறையும். அந்தக் கணக்குப்படி 12.5 கொடுத்த வண்டி 11.6 கொடுக்கலாமே தவிர 7.6-க்கு இறங்காது. மேலும் எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், கார்புரேட்டர் வண்டியில் கலவை மெலியத்தான் செய்யும். பிளக் வெளுக்க வேண்டுமே ஒழியக் கருக்காது.

போர் விஷயத்தைச் சும்மா வாயால் மறுத்தால் யார் கேட்பார்கள்? எங்கள் ஆட்டோமொபைல் லேபிலிருந்து விரிவுரையாளர் கம்ப்ரஷன் கேஜ் கொடுத்து அனுப்பினார். இன்ஜினைச் சூடாக்கி, நாலு பிளக்கையும் எடுத்துவிட்டு, காயில் ஒயரைக் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து செல்ஃப் அடித்தோம். 118, 122, 115, 120 பவுண்டு. சிலிண்டருக்குச் சிலிண்டர் பெரிய வித்தியாசம் இல்லை. குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தேன். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடைவெளியை அடைத்து அளவு சட்டென்று ஏறும். இங்கே இரண்டு பவுண்டுகூட ஏறவில்லை. மெக்கானிக்கிடம் மரியாதையாகத்தான் இதைக் காட்டினோம். அவர் கேஜைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, கார்புரேட்டரைப் பாரு தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

திருடர்கள் நாலு பேர்

முதல் திருடன் சோக். டாஷ்போர்டுப் பக்கம் முழுசாக உள்ளே தள்ளியிருந்தும், கார்புரேட்டர் பக்கம் லீவர் பாதியில் நின்றது. கேபிள் துருப்பிடித்து உள்ளேயே சிக்கியிருந்தது. குளிர்ந்த இன்ஜினுக்கு இரண்டு நிமிஷம் கொடுக்க வேண்டிய அதிகப்படி பெட்ரோலை, நாள் முழுக்கக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆகவே சோக் நாபைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. பானெட்டைத் திறந்து மறுமுனையைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது தெர்மோஸ்டாட். அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை! "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு, வண்டி கொதிக்கும்" என்று யாரோ எந்தக் காலத்திலோ கழட்டி எறிந்திருக்கிறார்கள். ஊர்ப்பக்கம் பல பழைய வண்டிகளில் இந்தப் பழக்கம் உண்டு. தெர்மோஸ்டாட் இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மூடி வைத்து, 80 டிகிரி வாக்கில் திறக்கும். அது இல்லையென்றால் விடியற்காலை நாலரை மணிக்குக் கிளம்பும் வண்டி, கடைக்குக் கடை நின்று நின்று போகும்போது, கடைசிவரை சரியான சூட்டுக்கே வராது. குளிர்ந்த சுவரில் பெட்ரோல் ஆவியாகாமல் துளியாக ஒட்டும். எரியாமல் கொஞ்சம் சைலன்சர் வழியாகப் போகும், கொஞ்சம் கீழே இறங்கி ஆயிலில் கலக்கும். டிப் ஸ்டிக்கை முகர்ந்தபோது பெட்ரோல் வாடை அடித்தது. பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் கிழிந்தாலும் இதே வாடை வரும் என்பதால் பம்பையும் கழட்டிப் பார்த்தேன். அது நன்றாகவே இருந்தது. மாமா வண்டியில் டெம்பரேச்சர் முள் எப்போதும் கீழேயே கிடக்கும். அதை அவர், "பாத்தியா, எவ்வளவு கூலா ஓடுது" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது மெயின் ஜெட். ஜெட்டில் பொறித்திருக்கும் எண் துளையின் விட்டம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கணக்கில். எங்களுடையதில் 120 என்றிருந்தது, அதாவது 1.20 மி.மீ. ஆனால் 1.30 டிரில் பிட்டின் வழவழப்பான காம்பு அதில் தாராளமாக நுழைந்தது. அடைப்பு எடுக்கிறேன் என்று ஆளாளுக்குக் கம்பியை விட்டுக் குத்தியதன் பலன். பத்தில் ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் கூடுவதால் துளை 17 சதவீதம் பெரிதாகிவிட்டது! ஜெட்டைக் காற்றால் ஊத வேண்டும், இல்லையேல் பெட்ரோலில் ஊற வைக்க வேண்டும். கம்பி கூடவே கூடாது. கூடவே ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பார்த்தேன். உள்ளே பெட்ரோல் புகுந்திருந்தால் சளக் சளக் என்று கேட்கும். இங்கே கேட்கவில்லை. ஆனால் நீடில் வால்வு முனையில் தேய்ந்து ஒரு வளையம் விழுந்திருந்ததால் அதையும் மாற்றினோம்.

நாலாவது பாயிண்ட். பாயிண்டின் குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் பின்தங்கும். தாமதமாக எரிகிற பெட்ரோல் பிஸ்டனைத் தள்ளாமல் சைலன்சரைத்தான் சூடாக்கும். புதுப் பாயிண்ட் போட்டு, ஃபீலர் கேஜில் 0.45 மி.மீ. வைத்து, டைமிங்கையும் சரி செய்தேன்.

இந்த வேலையில் நான் பிடிவாதமாக இருந்த விஷயம், எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றக்கூடாது என்பது. மாமாவுக்கு அவசரம். ஆனால் ஒரேயடியாக மாற்றினால் எது தின்றது என்று தெரியாமலே போகும். சோக் கேபிளும் தெர்மோஸ்டாட்டும் மாற்றியதும் 7.6 என்பது 10.1 ஆனது. ஜெட்டும் நீடிலும் போட்டதும் 11.5. பாயிண்ட், பிரேக், டயர் காற்று முடிந்தபின் 12.4. பெட்ரோல் கலந்த ஆயிலையும் வடித்துப் புதுசு ஊற்றினோம். எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்குள் முடிந்தது. தினமும் 550 ரூபாய் பெட்ரோல் போட்டவர் இப்போது 340 போடுகிறார். இரும்புக்காரர் மறுபடி வந்தபோது, "வண்டி விக்கிறதுக்கு இல்ல" என்று மாமா திண்ணையில் உட்கார்ந்தபடியே சொல்லி அனுப்பிவிட்டார்.

செய்து பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கார்புரேட்டரைத் தொடும் முன் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். பக்கத்தில் பீடி பற்ற வைப்பவரைத் தூரப் போகச் சொல்லுங்கள். டியூபில் வாயால் பெட்ரோல் உறிஞ்சாதீர்கள்.

இன்னும் டேப்பெட் இடைவெளி பார்க்கவில்லை, லேசாகச் சத்தம் கேட்கிறது. பழைய ரப்பர் பைப்புகளும் பம்ப் டயாஃப்ரமும் எத்தனாலுக்கு ஊறி இளகும் என்பதால், அதற்குத் தாங்கும் ரகமாக வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். செமஸ்டர் லீவில் அதையும் முடித்துவிட வேண்டும்.