சுவிட்சை மாற்றினீர்கள்... வீடே இருண்டுவிட்டதா?

"ஏனுங்க, ஒத்தை சுவிட்ச் மாத்துனதுக்கு ஊடு முச்சூடும் இருட்டாயிருச்சே!"

கோவைப் பக்கத்து வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்கிற குரல் இது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து, பஞ்சாலையும் மோட்டாரும் பெருகிய ஊர் அல்லவா? திருப்புளி பிடிக்காத ஆண்பிள்ளை இங்கே குறைவு! சுவிட்ச் மாற்றுவது சின்ன வேலைதான். ஆனால் மாற்றியதும் கரண்ட் போனால், அது 'எங்கோ தப்பு இருக்கிறது' என்று நமக்கு வரும் சேதி. அந்தச் சேதியைப் புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்.

முதலில் பக்கத்து வீடு

அங்கேயும் இருட்டா? அப்படியானால் கோளாறு வெளியே. மின்வாரியத்தின் 'மின்னகம்' எண் 94987 94987க்குச் சொல்லுங்கள். அங்கே விளக்கு எரிந்தால், நம் மெயின் போர்டுக்கு வாருங்கள்.

போர்டு என்ன சொல்கிறது?

பழைய ஓட்டு வீட்டில் பீங்கான் பீஸ் கட்டை இருக்கும். புது வீட்டில் எம்.சி.பி. இருக்கும். எம்.சி.பி. விழுந்திருந்தால், புது சுவிட்சை அணையுங்கள். கை ஈரமில்லாமல், ரப்பர் செருப்புடன் நின்று, அதை நன்றாகக் கீழே அழுத்தி மேலே தூக்குங்கள். ஒரே ஒரு முறைதான்!

1. நின்றுவிட்டது; புது சுவிட்சைப் போட்டதும் மறுபடி விழுகிறது. விளக்குக்குப் போகும் வயர் இருக்க வேண்டிய இடத்தில் நியூட்ரலை மாட்டியிருக்கலாம். சுவிட்சைப் போட்டதும் பேஸும் நியூட்ரலும் நேராகச் சேர்ந்து 'ஷார்ட்' ஆகிறது.

2. தூக்கியதுமே விழுகிறது. பெட்டிக்குள் இரண்டு வயர்கள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். மூடியின் திருகு ஏதாவது வயரைக் குத்தியிருக்கலாம்.

3. எதுவும் விழவில்லை, ஆனால் அந்தப் போர்டு முழுதும் செத்துக் கிடக்கிறது. சுவிட்சுக்குச் சுவிட்ச் தாவிப் போகும் 'லூப்' வயர் கழன்றிருக்கும்.

4. 'டி' பொத்தான் உள்ள ஆர்.சி.சி.பி. விழுந்திருக்கிறது. கரண்ட் கசிகிறது, அல்லது நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது. வீடுகளில் மாட்டுவது 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுந்துவிடும். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அது காவல் தெய்வம். "தொல்லையா இருக்கு, எடுத்துடுங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்!

இவை வேண்டவே வேண்டாம்

பீஸ் போனால் தடித்த கம்பியைச் சுற்றுகிற பழக்கம் சிலரிடம் உண்டு. பீஸ் கம்பி உருகாவிட்டால் சுவருக்குள் இருக்கும் வயர் உருகும். தீ அங்கேதான் பிறக்கிறது.

இன்வெர்ட்டர் இருக்கிற வீடா? மெயினை அணைத்தாலும் சுவிட்ச் போர்டில் 230 வோல்ட் இருக்கும்! இன்வெர்ட்டரையும் அணைத்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். டெஸ்டர் எரியவில்லை என்று உடனே கை வைக்கக் கூடாது. கரண்ட் உள்ள இடத்தில் வைத்து, டெஸ்டரே நன்றாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. சுவிட்சை பேஸில் மாட்டாமல் நியூட்ரலில் மாட்டினாலும் விளக்கு எரியும், அணையும். ஆனால் அணைத்த பிறகும் ஹோல்டரில் கரண்ட் நிற்கும். பல்பு மாற்றக் கை வைத்தால் 'ஷாக்' அடிக்கும். ஆகவே 'எரியுதே, போதும்' என்று விட்டுவிடாதீர்கள்.

யாரைக் கூப்பிடுவது?

மேலே சொன்ன நாலில் எதுவானாலும் மெயினை அணைத்துவிட்டு, தகுதிச் சான்று பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். "புது சுவிட்ச் போட்டோம், போட்டதும் விழுது" என்று சரியாகச் சொன்னால் அவருக்குப் பாதி வேலை மிச்சம். அவர் வரும்வரை திறந்த போர்டை அப்படியே விடாமல் மூடி வையுங்கள். குழந்தைகள் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை சுவிட்சைக் கழற்றும் முன், எந்த வயர் எங்கே இருக்கிறது என்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு வயரை மாற்றி மாட்ட இடமே இருக்காது!