காலநிலையும் கடைக் கணக்கும்

காலநிலை மாற்றம் என்றதும், "அது சுற்றாடல்காரர்களின் விடயம்" என்று நமது வியாபாரிகளில் பலர் ஒதுங்கிக் கொள்கின்றனர். அபிவிருத்தி நிதித் துறையில் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிப்பது எனது தொழில். அண்மையில் காலநிலைத் தலைமைத்துவம் தொடர்பான புலமைப்பரிசில் பயிற்சிநெறியொன்றைப் பூர்த்தி செய்தேன். அங்கு கற்றவற்றுள் சிறு வியாபாரியின் கல்லாப்பெட்டியைத் தொடும் விடயங்களை மாத்திரம் இங்கே தருகிறேன்.

2015இல் இங்கிலாந்து மத்திய வங்கியின் அன்றைய ஆளுநர் மார்க் கார்னி, காலநிலையால் நிதித் துறைக்கு வரும் ஆபத்துகளை மூன்றாகப் பிரித்துக் காட்டினார். வெள்ளம், புயல் போன்றவற்றால் சொத்து அழிவது முதலாவது. பாதிக்கப்பட்டோர் நட்டஈடு கோருவது இரண்டாவது. சட்டமும் சந்தையும் மாறுவதால் பழைய தொழில்கள் மதிப்பிழப்பது மூன்றாவது.

நமக்கு மிக நெருக்கமானது முதலாவதுதான். 2016 மே மாதம் களனி கங்கை பெருக்கெடுத்தபோது கொலன்னாவைப் பகுதி நீரில் மூழ்கியது. 2017 மே மாதம் இரத்தினபுரி, களுத்துறை, மாத்தறை மாவட்டங்கள் பாதிக்கப்பட்டன. 2025 நவம்பரில் டித்வா சூறாவளி மலையகத்தையும் விட்டு வைக்கவில்லை. பிங்கா ஓயா பெருகினால் என்ன நடக்கும் என்பதை அக்குறணை வர்த்தகர்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதில் வங்கிக்கு என்ன வேலை? கடைக்குள் வெள்ளம் புகுந்தால் சரக்கு அழிகிறது, வியாபாரம் நிற்கிறது, தவணை தவறுகிறது. பிணையாக வைத்த கட்டடத்தின் பெறுமதியும் குறைகிறது. ஆகவே, கடை எங்கே இருக்கிறது என்பதும் இனிக் கடன் தீர்மானத்தில் ஒரு கேள்வியாகும். இலங்கை மத்திய வங்கி 2019இல் நிலைபேறான நிதிக்கான வழிவரைபடத்தையும், எவை பசுமை முயற்சிகள் என வகைப்படுத்தும் ஆவணத்தை 2022இலும் வெளியிட்டது. காற்று இந்தப் பக்கமே வீசுகிறது.

எனக்குள்ள கவலை ஒன்றுதான். வெள்ளம் வரும் ஊர் என்று வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டு வங்கி ஒதுங்கினால், சிறு வியாபாரி தனியாரிடம் கடும் வட்டிக்குக் கைநீட்ட நேரிடும். வங்கி பாதுகாப்படையும், ஊர் பாதுகாப்படையாது. கடனை மறுப்பதை விட, கடையை உயர்த்தக் கடன் கொடுப்பதே அறிவு என்பது எனது நிலைப்பாடு. அதற்கு வியாபாரியும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

முதலில், காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து வாசியுங்கள். தகாபுல் ஆனாலும் சரி, வேறு காப்புறுதி ஆனாலும் சரி, தீ விபத்துக்கான பத்திரத்தில் வெள்ளம் தானாகவே அடங்கும் என எண்ண வேண்டாம். கட்டடத்துக்கு மட்டுமா, சரக்குக்கும் சேர்த்தா என்பதையும் கேட்டறியுங்கள்.

இரண்டாவது, இருப்புப் பதிவு, கொள்வனவுப் பற்றுச்சீட்டு ஆகியவற்றின் பிரதியைக் கடைக்கு வெளியே வையுங்கள். நட்டஈடு கோரும்போது ஆதாரம் அதுதான்.

மூன்றாவது, கடந்த வெள்ளத்தின் உயரத்தைச் சுவரில் குறித்து, பெறுமதியான சரக்கை அதற்கு மேலே அடுக்குங்கள்.

நான்காவது, தட்டு உயர்த்தவோ மேல்மாடி அமைக்கவோ கடன் கேட்கும்போது, விலைமனுவுடன் முந்திய நட்டக் கணக்கையும் சமர்ப்பியுங்கள். ஒரு வெள்ளத்தில் இழந்தது எவ்வளவு, அதைத் தடுக்கும் செலவு எவ்வளவு என்று இரண்டையும் ஒரே தாளில் காட்டுங்கள். கடன் உத்தியோகத்தருக்கு விளங்கும் மொழி அதுவே.