மேலே இழுத்தால் கீழே விழுவது ஏன்?

கோவையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கு, ரிமோட்டில் பறக்கும் மாடல் விமானம் ஒன்றைப் பிறந்தநாள் பரிசாக வாங்கிக் கொடுத்தாராம். முதல் ஞாயிற்றுக்கிழமை மூன்று முறை பறந்தது; மூன்று முறையும் மூக்கு குத்தி விழுந்தது. "மேலே ஏற்றும் குச்சியைத்தான் முழுசாக இழுத்தான். பிறகு ஏன் கீழே விழுகிறது? விமானத்தில் கோளாறா, பையனிடம் கோளாறா?" என்று கேட்கிறார்.

அந்தக் குச்சியை 'மேலே ஏற்றும் குச்சி' என்று நினைத்ததில்தான் கோளாறு. புதிதாகப் பறக்கவிடுபவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு நினைப்பிலிருந்தே கிளைக்கின்றன.

வால்பகுதியில் இருக்கும் எலிவேட்டர் விமானத்தை உயர்த்துவதில்லை. மூக்கைத் தூக்கி, எதிரே வரும் காற்றுக்கு இறக்கை காட்டும் கோணத்தைக் கூட்டுகிறது, அவ்வளவுதான். கோணம் கூடினால் தூக்குவிசை கூடும். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. பொதுவாக 15 டிகிரியை ஒட்டி வரும் அந்த எல்லை, சின்ன மாடல்களில் அதற்கு முன்பே வந்துவிடும். தாண்டினால் தூக்குவிசை சட்டென்று சரிகிறது. இதைத்தான் 'ஸ்டால்' என்கிறார்கள். மோட்டார் நின்றுபோவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மோட்டார் முழு வேகத்தில் இரைந்துகொண்டிருக்கும்போதே இறக்கை ஸ்டால் ஆகலாம்.

காற்று ஏன் அப்படிக் கைவிடுகிறது? ஊருக்கு வெளியே ஆற்றுக்குக் குறுக்கே போட்ட தரைப்பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சாலை சரிந்து இறங்கிப் பாலத்தைத் தொட்டு, மறுகரையில் மேடேறுகிறது. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் சைக்கிளில் கூட்டமாக வருகிறார்கள். சரிவில் பிடித்த வேகத்திலேயே, மிதிக்காமல் எதிர் மேட்டில் ஏறிவிடுவார்கள்.

இறக்கையின் மேல்பக்கத்துக் காற்றும் அப்படியே. முன்விளிம்பைத் தாண்டியதும் அழுத்தம் குறைந்த ஒரு பள்ளம் இருக்கிறது. காற்று அதில் பாய்ந்து இறங்கி வேகமெடுக்கிறது. அங்கிருந்து பின்விளிம்பு வரை அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், அதுதான் மேடு. பள்ளத்தில் பிடித்த வேகத்தைச் செலவழித்தே காற்று அந்த மேட்டைக் கடக்க வேண்டும்.

இப்போது சாலையின் ஓரத்தைப் பாருங்கள். அங்கே மணல். நடுச்சாலையில் வரும் பிள்ளைகள் ஏறிவிடுகிறார்கள். மணலில் வருகிறவர்கள் பாதி மேட்டில் திணறுகிறார்கள். இறக்கையின் பரப்பை உரசிக்கொண்டு வரும் மெல்லிய காற்றடுக்குதான் அந்த மணல் ஓரத்துக் கூட்டம். உராய்விலேயே அது வேகத்தை இழந்துவிட்டிருக்கிறது. கோணம் கூடக்கூடப் பள்ளம் ஆழமாகிறது, எதிர்மேடு செங்குத்தாகிறது. ஒரு கட்டத்தில் மணலில் வந்த பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். பிறகு பின்னோக்கி உருள ஆரம்பிக்கிறார்கள். பின்னால் வருகிறவர்கள் அவர்கள்மேல் மோதி, ஒதுங்க இடமில்லாமல் கூட்டம் மொத்தமும் சாலையை விட்டே விலகித் தெறிக்கிறது. இறக்கையின் மேல் காற்று பிரிந்துபோவது இப்படித்தான். பரப்பை ஒட்டிய காற்று உண்மையாகவே பின்விளிம்பிலிருந்து முன்னோக்கி ஓடுகிறது.

வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். தெர்மாகோல் துண்டை இறக்கை வடிவில் சீவி, மேல்பக்கம் மூன்று சென்டிமீட்டர் நீளத் தையல் நூல்களை வரிசையாக ஒட்டுங்கள். நூலின் முன்நுனி மட்டும் ஒட்டியிருந்தால் போதும். மேசை விசிறிக்கு எதிரே பிடித்து, மூக்கை மெதுவாக உயர்த்துங்கள். முதலில் எல்லா நூலும் பின்னோக்கிப் படிந்து கிடக்கும். பிறகு பின்விளிம்பு நூல்கள் நடுங்கும். இன்னும் சற்றுத் தூக்கினால் நூல்கள் எழுந்து, திரும்பி, காற்றுக்கு எதிராக முன்னோக்கி நீளும். விசிறிக் காற்று சுழன்று வருவதால் கோணத்தை இதில் அளக்க முடியாது. ஆனால் ஒரு முறை அந்த நூல் திரும்புவதைப் பார்த்துவிட்டால், குச்சியை முழுக்க இழுக்கக் கை தயங்கும்.

சின்ன விமானங்களுக்கு இந்தத் தொல்லை ஏன் அதிகம்? ரெனால்ட்ஸ் எண் என்ற கணக்கு இருக்கிறது. காற்றின் பிசுபிசுப்போடு ஒப்பிட அதன் ஓட்டம் எவ்வளவு பெரிது என்பதைச் சொல்வது; எண் சிறிதானால் பிசுபிசுப்பின் கை ஓங்கும். 20 சென்டிமீட்டர் அகல இறக்கை நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பறந்தால் அந்த எண் சுமார் 1,35,000. பயணிகள் விமானத்துக்கு அது ஒரு கோடியைத் தாண்டும். நம் உவமையில் சொன்னால், சின்ன இறக்கையின் சாலையில் மணலே அதிகம். இதற்கு மாடல்காரர்கள் செய்யும் வைத்தியம் அழகானது: இறக்கையின் முன்பகுதியில் ஒரு நூலையோ மெல்லிய நாடாவையோ நெடுக ஒட்டிவிடுகிறார்கள். சாலையில் ஒரு சின்ன மேடு போட்டதுபோல, கூட்டம் குலுங்கிக் கலைகிறது. நடுச்சாலையில் வேகமாக வந்தவர்கள் ஓரத்துக்கு வந்து, மணலில் திணறுகிறவர்களின் தோளைப் பிடித்துத் தள்ளிவிடுகிறார்கள். காற்று கலங்கினால் கெடுதல் என்றுதான் நினைப்போம். இங்கே கலக்கமே காப்பாற்றுகிறது. கோல்ஃப் பந்தின் குழிகள் செய்வதும் இதே வேலைதான்.

வரலாற்றை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். 1871-ல் பாரிஸில் அல்போன்ஸ் பெனோ ரப்பர் முறுக்கில் பறக்கும் மாடலைச் செய்து, வாலின் கோணத்தால் விமானம் தானே நிலைப்படும் என்று காட்டினார். 1896 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தால் தன் கிளைடர் ஸ்டால் ஆகி விழுந்து, மறுநாள் இறந்தார். உரசும் காற்றடுக்கின் கதையை லுட்விக் பிராண்டில் 1904-ல் ஹைடெல்பெர்க் மாநாட்டில் விளக்கினார். 1937-ல் அமெரிக்காவின் வால்டர் குட், வில்லியம் குட் சகோதரர்கள் ரேடியோவால் மாடல் விமானத்தை இயக்கினார்கள்.

இந்த ஸ்டாலைச் சென்ற மாதம் நேரிலேயே பார்த்தேன். வறண்ட ஏரிப் படுகை ஒன்றில் காலை ஆறரை மணிக்கு நின்றிருந்தேன். கல்லூரிப் பையன் ஒருவன் விமானத்தை இறக்கத் திருப்பினான். காற்று விமானத்தின் பின்னாலிருந்து வந்தது. தரையைப் பார்த்தால் விமானம் பறந்தோடுவதுபோலத் தெரிய, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலைக் குறைத்தான். உயரம் இறங்கியது, குச்சியை இழுத்தான். இடது இறக்கை சட்டெனத் தாழ்ந்தது. பதறி வலப்பக்கம் தள்ளினான். விமானம் இன்னும் இடப்பக்கமே புரண்டு மண்ணில் குத்தியது.

"அண்ணே, ரைட்டுதான் கொடுத்தேன், லெஃப்ட்ல போகுது. சர்வோ போச்சா?"

விமானத்தின் அசையும் பாகங்களை இயக்கும் குட்டி மோட்டார்தான் சர்வோ. பக்கத்தில் நின்ற பெரியவர் உடைந்த மூக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சர்வோ நல்லாத்தான் இருக்கு தம்பி. இறக்கைக்குக் காத்து இல்ல. காத்து இல்லாதப்ப நீ எதைக் கொடுத்தாலும் அது வாங்கிக்காது."

இதைவிடச் சரியாக விளக்க முடியாது. காற்றின் போக்கில் போகும்போது, காற்று மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், 25-ல் பறக்கும் விமானம் நம் கண்ணுக்கு 40-ல் போகிறது. இறக்கைக்குத் தெரிந்தது 25 மட்டுமே. வேகம் பாதியானால் தூக்குவிசை நான்கில் ஒன்றாகும். அதை ஈடுகட்டக் கோணம் எகிறும். திருப்பம் வேறு சேர்ந்தால் இன்னும் மோசம். உயரம் இழக்காமல் 60 டிகிரி சாய்ந்து திரும்பும் விமானத்தின் இறக்கை இரு மடங்கு எடையைச் சுமக்கிறது. ஸ்டால் ஆகும் வேகமும் 41 சதவீதம் கூடிவிடுகிறது. தாழ்ந்த இறக்கையை நிமிர்த்த, இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடிப்பான ஏலரானைக் கொடுத்தால், அந்தப் பக்க ஏலரான் கீழிறங்கி, ஏற்கெனவே எல்லை தாண்டிய கோணத்தை மேலும் கூட்டுகிறது. பையன் கொடுத்த கட்டளைக்கு எதிர்ப்பக்கம் விமானம் புரண்டது அதனால்தான்.

மற்ற தவறுகளும் பெரும்பாலும் இதே கோணக் கணக்கில்தான் வந்து சேர்கின்றன. வால் கனமாக இருந்தால், லேசாக இழுத்ததும் மூக்கு துள்ளி எல்லையைத் தாண்டும். எடைமையம் இறக்கை அகலத்தில், முன்விளிம்பிலிருந்து கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவே இருக்க வேண்டும். இரண்டு விரல் நுனியில் தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். மூக்கு கனத்தால் மோசமாகப் பறக்கும், வால் கனத்தால் ஒரே ஒரு முறைதான் பறக்கும் என்பது மாடல்காரர்களின் வழக்கு. முதல் விமானமாகப் போர் விமான வடிவத்தை வாங்குவதும் பிழை: சின்ன இறக்கை, அதிக எடை, அதனால் அதிக ஸ்டால் வேகம். மேலே பொருத்திய, V போல லேசாக உயர்ந்த இறக்கையுள்ள பயிற்சி விமானமே நல்லது.

கோணத்தோடு சேராத தவறு ஒன்று உண்டு. விமானம் நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தெரியும். எந்த இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளினால் நிமிர்ந்துவிடும். இதைக் கணினி சிமுலேட்டரில் பத்து மணி நேரம் பழகுவது, ஒரு விமானத்தை உடைத்துக் கற்பதைவிட மலிவு.

"அனுபவமே தேவையில்லை, தானே நிமிர்ந்துகொள்ளும்" என்று பெட்டிகளில் அச்சிட்டிருப்பதை முழுக்க நம்ப வேண்டாம். உள்ளே இருக்கும் கைரோ நல்ல கருவிதான். காற்று தட்டிவிட்டால் நிமிர்த்தும். ஆனால் அது விமானம் சுழல்வதையும் சாய்வதையும் அளக்கிறதே தவிர, இறக்கைக்கும் காற்றுக்கும் உள்ள கோணத்தை அளப்பதில்லை. மூக்கு தரைக்கு இணையாக இருந்தாலும், விமானம் வேகமிழந்து அமிழ்ந்துகொண்டிருந்தால் காற்று அடியிலிருந்து வருகிறது, கோணம் எல்லையைத் தொடுகிறது. கைரோவுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். எந்தப் பெயரில் விற்றாலும், காற்றில்லாத இறக்கைக்கு அதனால் காற்று தர முடியாது.

கோவை வாசகருக்கு: புது விமானம் வாங்காதீர்கள், பழையதை ஒட்டுங்கள். ட்ரோன் பறக்கவிடும் இடங்களைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சைப் பகுதியாக உள்ள, மின்கம்பியும் ஆள் நடமாட்டமும் இல்லாத திறந்தவெளியாகப் பாருங்கள். காற்று ஓய்ந்த காலையில் மூன்று பனை உயரத்துக்கு ஏற்றி, த்ராட்டிலைக் குறைத்து, வேண்டுமென்றே குச்சியை இழுத்து ஸ்டால் செய்யச் சொல்லுங்கள். விமானம் தள்ளாடி மூக்கைத் தொங்கப் போடும். அந்த நொடியில் மகன் குச்சியை இழுக்காமல் முன்னால் தள்ளி, த்ராட்டிலைக் கொடுக்கட்டும். இறக்கை காற்றைப் பிடித்ததும் மெதுவாக நிமிர்த்தலாம். மனம் பதறினாலும் கை முன்னால்தான் போக வேண்டும். அது பழக்கமாகும்வரை தாழப் பறக்கவிட வேண்டாம்.