ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வு: உருப்போட்ட விடை ஏன் உதவாது?

வெளிநாட்டில் படிக்கவும் வேலை பார்க்கவும் ஐஇஎல்டிஎஸ் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வை எழுதுகிறவர்களில் பலர், பேச்சுத் தேர்வுக்கென்று மாதிரி விடைகளைப் பக்கம் பக்கமாக உருப்போடுகிறார்கள். அவ்வளவு உழைப்பும் தவறான இடத்தில் செலவாகிறது. 11 முதல் 14 நிமிடம் நடக்கும் இந்த நேர்காணலில் மதிப்பிடப்படுபவை நான்கு: தடங்கலின்றிக் கோவையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்குக்கும் சம மதிப்பு. சொல்லும் கருத்து சரியா தவறா என்பதற்கு மதிப்பெண்ணே இல்லை. சரியான விடை என்று ஒன்று இல்லாத தேர்வுக்கு விடையை மனப்பாடம் செய்து என்ன பயன்?

தேர்வின் அமைப்பும் மனப்பாடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டாம் பகுதியில் பேச வேண்டிய தலைப்புள்ள ஓர் அட்டை தருவார்கள்; ஒரு நிமிடம் யோசித்து, இரண்டு நிமிடம் வரை பேசலாம். உங்களுக்குப் பிடித்த ஆசிரியரைப் பற்றிய அட்டை என்றால் உருப்போட்டவர் மளமளவென்று ஒப்பித்துவிடுவார். மூன்றாம் பகுதியில் அதையொட்டி, ஆசிரியரின் இடத்தைக் கணினி பிடிக்குமா என்று கேட்டால் அவருக்குப் பேச்சு தடுமாறும். இந்த வேறுபாட்டைத் தேர்வாளர் உடனே கண்டுகொள்வார்.

சொல்வளம் குறைந்தவர்கள் வேறு என்னதான் செய்வார்கள் என்ற கேள்வி நியாயமானது. சொற்களையும் தொடர்களையும் கற்கத்தான் வேண்டும். ஆனால், அவற்றைச் சொந்தக் கருத்தில் பொருத்திப் பழக வேண்டும். ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், ‘கிரிக்கெட் ஆடுவேன்’ என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எப்போது தொடங்கினீர்கள், ஏன் பிடிக்கிறது, வேலைக்குப் போன பிறகு என்ன மாறியது என்று நீட்டுங்கள். இறந்தகாலம், நிகழ்காலம், ஒப்பீடு எல்லாம் தாமாகவே பேச்சில் வந்துவிடும். இலக்கண மதிப்பெண்ணும் அதோடு கூடும்.

நம் உச்சரிப்பில் தமிழ் வாடை வீசுகிறதே என்ற தயக்கமும் பலருக்கு உண்டு. வாடைக்காக யாரும் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை. பேச்சு எளிதாகப் புரிகிறதா என்பதுதான் கணக்கு. வெள்ளைக்காரரைப்போல் பேச முயல்வதைவிட, சொல்லில் அழுத்தம் விழும் இடத்தைக் கவனிப்பது நல்லது. ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் முதல் அசையில் விழும் அழுத்தம், ‘ஃபோட்டோகிராஃபர்’ என்பதில் இரண்டாம் அசைக்குப் போய்விடும். எல்லா அசையையும் ஒரே சீராக ஒலித்தால் கேட்பவர் சொல்லைப் பிடிக்கத் திணறுவார்.

ஆகவே, மாதிரி விடைப் புத்தகத்தை மூடிவையுங்கள். தினம் ஒரு தலைப்பில் இரண்டு நிமிடம் பேசிக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். கேட்டுப் பாருங்கள், தடுமாறிய இடங்களைக் குறித்துக்கொண்டு, அதே தலைப்பில் மறுபடி பேசுங்கள். மதிப்பெண் உயர இதைவிட நேரான வழி இல்லை.