புதிய பேராசிரியருக்கு யார் சொல்லித் தருவது?

நயினார்கோவில் வட்டாரம் மழையை நம்பிய பூமி. பெய்தால் நெல்லும் பருத்தியும் மிளகாயும் விளையும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய் இந்த மாவட்டத்தின் அடையாளம். மாசி, பங்குனியில் பழம் பறிக்கும் நாட்களில் வீட்டில் ஒரு ஆள் குறைந்தால் கூலிக்கு ஒருவரை வைக்க வேண்டும். அந்தக் கூலியை மிச்சப்படுத்தப் பரமக்குடி கல்லூரிக்குப் போகும் பிள்ளையும் காட்டில் இறங்கிவிடும்.

இப்போது வேலூரிலிருந்தோ தர்மபுரியிலிருந்தோ ஆசிரியர் தேர்வு வாரியம் மூலம் பணி நியமனம் பெற்று வரும் ஓர் இளம் உதவிப் பேராசிரியரை நினைத்துக்கொள்ளுங்கள். பாடம் அவருக்கு அத்துபடி. முனைவர் பட்டம் இருக்கிறது. ஆனால் பிப்ரவரியில் பெஞ்சு ஏன் காலியாகிறது என்பது தெரியாது. வராதவருக்கு ஆப்சென்ட் போடுகிறார். வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கியபின்தான் வருகைக் குறைவுக்கான கண்டனேஷன் கட்டணம், தேர்வு எழுத முடியாத நிலை என்று மாணவர் வந்து நிற்கிறார். அதே துறையில் பத்தாண்டு இருந்தவர் பொங்கல் விடுமுறை முடிந்ததுமே எந்தெந்த வீட்டில் மிளகாய் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டு வைத்திருப்பார்; எத்தனை நாள் விடுப்பு தாங்கும் என்று அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து கணக்குப் போட்டிருப்பார். இந்த அறிவு எந்த அரசாணையிலும் கிடையாது. ஒருவர் சொல்லி இன்னொருவர் கேட்டால்தான் உண்டு.

கல்லூரி ஆசிரியர்களும் நிர்வாகிகளும் இப்படித் தங்களுக்குள் வழிகாட்டிக்கொள்வதைச் சக வழிகாட்டல் என்கிறோம். இதில் பயிற்சி வகுப்பும் இல்லை, மேற்பார்வையும் இல்லை. துறைத் தலைவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் உங்களைப் பற்றி அறிக்கை எழுதும் இடத்தில் இருப்பவர். "வகுப்பு என் கைக்குள் வரவில்லை" என்று அவரிடம் போய்ச் சொல்ல நாக்கு எழாது. பக்கத்து மேஜைக்காரரிடம் சொல்லலாம். அமெரிக்க ஆய்வாளர்கள் கேத்தி கிராமும் லின் இசபெல்லாவும் 1985-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் இன்றுவரை பேசப்படுகிறது. பணியிடச் சகாக்களை அவர்கள் மூன்றாகப் பிரித்தார்கள்: தகவல் பகிர்பவர், வேலையைப் பற்றி மனம் திறந்து கருத்துச் சொல்பவர், எதையும் ஒளிக்காமல் பேசத்தக்க நெருக்கமானவர். மூன்றாம் வகை அரிது. முதல் வகையாவது எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். நம் கல்லூரிகளில் அதுவும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாக இருப்பதுதான் வேதனை.

பாடம் நடத்துவது மட்டுமே இன்று ஆசிரியர் வேலை இல்லை. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் ஒரு மாணவிக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால், மாணவர் விவரங்களைப் பதியும் யு.எம்.ஐ.எஸ். தளத்தில் அவர் விவரம் சரியாக ஏற வேண்டும். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். ஓர் எழுத்துப் பிழை வந்தாலும் பணம் நின்றுபோகும். இந்தப் பொறுப்பு பெரும்பாலும் இளைய ஆசிரியர் தலையில்தான் விழுகிறது. முன்பு அதைப் பார்த்தவர் மாறுதலில் போயிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

முதல்வர்களின் நிலை இன்னும் தனிமையானது. பேராசிரியராக வாழ்நாளைக் கழித்தவர், ஓய்வுக்குச் சில ஆண்டுகள் இருக்கும்போது முதல்வர் நாற்காலிக்கு வருகிறார். கட்டட நிதி, தணிக்கை ஆட்சேபணை, கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருகை, மாணவர் போராட்டம் எல்லாம் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். பல அரசுக் கல்லூரிகள் பொறுப்பு முதல்வர்களைக் கொண்டே ஓடியிருக்கின்றன. மண்டல இணை இயக்குநர் அலுவலகத்திடம் விளக்கம் கேட்கலாம்; தயக்கத்தைப் பகிர முடியாது. அதற்கு இன்னொரு முதல்வர்தான் வேண்டும்.

அரசு இதை அறியாமல் இல்லை. 1986 தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து கல்விப் பணியாளர் கல்லூரிகள் வந்தன. அவையே பெயர் மாறி மாறி இப்போது மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்களாக உள்ளன. 2019-இல் பல்கலைக்கழக மானியக் குழு 'பராமர்ஷ்' திட்டத்தைக் கொண்டுவந்தது. நாக் மதிப்பீட்டில் 3.26 அல்லது அதற்கு மேல் எடுத்த கல்லூரி, அங்கீகாரம் பெறாத ஐந்து கல்லூரிகளுக்காவது கைகொடுக்க வேண்டும்; அதற்கு 30 லட்ச ரூபாய் வரை நிதி. நல்ல திட்டம். ஆனால் அதன் கண் நாக் சான்றிதழில் இருந்தது. கோப்புகள் செம்மையாகும்; வகுப்பறையில் திணறும் ஆசிரியர் அதில் ஒரு வரியாகக்கூட வருவதில்லை. 2020 கல்விக் கொள்கை ஒரு படி மேலே போய், ஓய்வுபெற்ற, மூத்த ஆசிரியர்களைக் கொண்டு கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கான தேசிய வழிகாட்டல் இயக்கம் அமைக்கப்படும் என்றது. 2022-இல் அந்தப் பெயரில் முன்னோட்டம் தொடங்கியபோது தேர்ந்தெடுக்கப்பட்டவை 30 பள்ளிகள்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஆம்ஹெர்ஸ்ட் பல்கலைக்கழகம் 2006 முதல் வேறு வழியில் போனது. ஒரு குரு, ஒரு சீடர் என்ற அமைப்பை விட்டுவிட்டு, ஆசிரியர்கள் தாங்களே குழு சேர்ந்து வந்தால் அந்தக் குழுவுக்குச் சிறு தொகை கொடுத்தது. எழுத்துக்கு ஒருவர், வகுப்பறைக்கு ஒருவர், வீட்டையும் வேலையையும் சமாளிக்க இன்னொருவர் என்று வழிகாட்டல் பலரிடம் பரவியது.

இங்கே அப்படிச் செய்யப் பணம் பெரிய தடை இல்லை. நேரமும் கணக்கும்தான் தடை. உதவிப் பேராசிரியர் வாரம் 16 மணி நேரம் வகுப்பெடுக்க வேண்டும் என்பது விதி. சக ஆசிரியரின் வகுப்பில் போய் உட்கார்ந்து கேட்கும் ஒரு மணி நேரம் அந்தப் பதினாறில் சேராது. மானியக் குழுவின் 2018 விதிமுறைகளின் பதவி உயர்வு அட்டவணையில் ஆராய்ச்சி மாணவருக்கு வழிகாட்டுவதற்கு இடமுண்டு. சக ஆசிரியருக்கு வழிகாட்டுவதற்கு இல்லை. மாணவர்களுக்கு எத்தனை மென்டார் என்று நாக் கேட்கிறது. ஆசிரியருக்கு ஒருவர் இருக்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் இந்நேரம் எல்லாக் கல்லூரியிலும் ஒரு பதிவேடாவது இருந்திருக்கும்.

கௌரவ விரிவுரையாளர்களை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. தமிழக அரசுக் கல்லூரிகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் இப்படிப் பணியாற்றுகிறார்கள். மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று மானியக் குழு 2019-இல் சொன்னது; இங்கே கிடைப்பது அதற்கு வெகு கீழே. நிரந்தர ஆசிரியர் மாறுதலில் போவார். ஒரே கல்லூரியில் ஆண்டுக்கணக்கில் இருந்து ஊரையும் பிள்ளைகளையும் அறிந்தவர் பல சமயம் கௌரவ விரிவுரையாளர்தான். பதவி உயர்வு ஏணியே இல்லாதவரைப் பயிற்சிக்கு அனுப்ப யாரும் நினைப்பதில்லை. மிளகாய்க் காலத்தைப் பற்றிப் புதியவருக்குச் சொல்லத் தகுதியானவர் அவர். அவரை வழிகாட்டி என்று எழுத்தில் அழைத்து, அதற்குரிய மணி நேரத்தையும் ஊதியத்தையும் கொடுப்பதே நியாயம்.

ராமநாதபுரம் மாவட்டத்துக்கு ஒரு வசதி உண்டு. பரமக்குடி, முதுகுளத்தூர், திருவாடானை, ராமேஸ்வரம், கீழக்கரை என்று சிதறிக் கிடக்கும் கலை, அறிவியல் கல்லூரிகள் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் இணைப்பில் வருபவை. சிறிய கல்லூரியில் ஒரு துறைக்கு இரண்டு, மூன்று பேர்தான் இருப்பார்கள். சகா என்று சொல்ல ஆள் கிடைக்காது. ஆனால் அதே பாடத்திட்டத்தை அதே வாரத்தில் நடத்தும் ஒருவர் ஐம்பது, நூறு கிலோமீட்டருக்குள் இருக்கிறார். ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடையில் பாம்பன் மாணவரின் வீட்டில் வருமானம் நிற்பதை ராமேஸ்வரத்துக்காரர் அறிவார். கண்மாய் வற்றிய ஆண்டின் கஷ்டத்தைப் பரமக்குடிக்காரர் அறிவார்.

இவர்கள் சந்திக்கும் இடம் ஒன்றே ஒன்று: விடைத்தாள் திருத்தும் முகாம். அங்கே தேநீர் இடைவேளையில், எந்தப் பாடத்தில் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள், எந்தப் படிவம் எங்கே திரும்பி வருகிறது என்ற பேச்சு ஓடும். அந்த முகாமோடு ஒரு நாளைக் கூட்டி, விடைத்தாளை ஓரம் வைத்துவிட்டு, துறைவாரியாகப் புதியவரும் பழையவரும் உட்காரப் பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்யலாம். பயணப்படி ஏற்கெனவே உண்டு. வந்தவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். முதல்வர்களுக்கும் அதே நாளில் தனி அறை ஒன்றை ஒதுக்கினால் போதும்.