திராட்சைப் பந்தலின் கீழ் ஒரு நாள்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

பிரான்சு நாடு என்றவுடன் பலருக்கும் ஈஃபில் கோபுரம் நினைவுக்கு வரும். வேதியியல் மாணவனாகிய எனக்கோ போர்டோ கலவைதான் நினைவுக்கு வருகிறது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த அந்த நீலக் கரைசலை நம் உழவர்கள் நன்கு அறிவர். போர்டோ என்பது ஓர் ஊரின் பெயர் என்பதை மட்டும் பலர் அறியார். தென்மேற்குப் பிரான்சில் கரோன் ஆற்றங்கரையில் உள்ள நகரம் அது. அதைச் சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள்; தோட்டங்களுக்கு நடுவே சிற்றூர்கள். விடுமுறை நாளில் மக்கள் குடும்பத்தோடு ஊர் ஊராகச் சென்று அவற்றைப் பார்த்து வருவார்களாம். இதைப் படித்தபோது, நம் நாட்டில் அப்படி ஓரிடம் உண்டா என்று எண்ணினேன். உண்டு நண்பர்களே! தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்குதான் அது.

எங்கள் ஊர் பாப்பாரப்பட்டி. தியாகி சுப்பிரமணிய சிவா 1925ஆம் ஆண்டு உயிர்நீத்த ஊர் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். ஊர்ப்புறத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலம் இருக்கிறது. அதில் கேழ்வரகு, நிலக்கடலை, சாமை மட்டுமே விளையும். அங்கே திராட்சை போடலாம் என்று யாரோ என் தந்தையாரிடம் சொல்லிவிட்டார்கள். பந்தலுக்குக் கல்தூண் வேண்டும், கம்பி வேண்டும். அதற்கு அம்மாவின் நகையை அடகு வைப்பதா என்பதே மூன்று மாதங்களாக எங்கள் வீட்டுப் பேச்சு. "கண்ணால பாக்காம ஒரு காசு எடுக்கக் கூடாது" என்று ஆயா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே அப்பா, அம்மா, ஆயா, தங்கை, நான் என ஐவரும் இரவுப் பேருந்தில் புறப்பட்டு, சேலத்தில் வண்டி மாறி, விடியலில் தேனி சென்று சேர்ந்தோம்.

தேனியிலிருந்து தெற்கே செல்லும் சாலையே ஒரு காட்சி. முதலில் வீரபாண்டி, முல்லையாற்றங்கரையில் கௌமாரியம்மன் கோயில். ஆற்றில் ஓடும் நீரைப் பார்த்ததும் ஆயா இறங்கிக் கால் நனைத்தே ஆக வேண்டும் என்றார். பிறகு சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம். மேற்கே சுவர் எழுப்பினாற்போல் மலை. இருபுறமும் நெல், தென்னை, வாழை. கம்பத்தைத் தாண்டிச் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி பக்கம் திரும்பினால்தான் திராட்சை கண்ணில் படுகிறது. தரையிலிருந்து பார்த்தால் பச்சைக் கூரை வேய்ந்த மண்டபம் போலிருக்கும். குனிந்து உள்ளே போனால் தலைக்கு மேல் கருங்குலைகள் தொங்குகின்றன. என் தங்கை இதைப் பார்த்துவிட்டு, "பந்தல்ல கல்யாணமா?" என்று கேட்டாள்.

அங்கே விளைவது பன்னீர்த் திராட்சை. மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் உலகப் பெயர். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் வழியாக இது தமிழகம் வந்தது என்று சொல்லப்படுகிறது. 2023ஆம் ஆண்டு 'கம்பம் பன்னீர் திராட்சை' புவிசார் குறியீடு பெற்றது. இதே இரகம் தெற்குப் பிரான்சில் வென்டூ மலையடிவாரத்திலும் விளைகிறது. 'வென்டூ மஸ்கட்' என்னும் பெயரை அந்த வட்டாரத்துக்கே உரியதாக அந்நாடு 1997இல் அங்கீகரித்தது. ஒயின் நாட்டின் நடுவே இருந்தும் அங்கே அது உண்ணும் பழமாகவே விற்கப்படுகிறது. நம் கம்பத்திலும் பெரும்பகுதி பழக்கடைக்குத்தான் போகிறது.

எனினும் இரு நாட்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பிரான்சில் குளிர்காலத்தில் கொடி இலையுதிர்த்து உறங்கும். இளவேனிலில் துளிர்த்து, செப்டம்பர் வாக்கில் ஆண்டுக்கு ஒரே அறுவடை. நம் பக்கம் கொடிக்கு உறக்கமே இல்லை. அதை எழுப்புவது கவாத்துக் கத்தரிதான். கவாத்து செய்ததும் மொட்டு வெடிக்கிறது. ஏறத்தாழ நான்கு மாதத்தில் பழம். ஈராண்டில் ஐந்து அறுவடை வரை எடுக்கிறார்கள். ஆதலால் ஒரு தோட்டத்தில் கவாத்து, அடுத்ததில் பூ, அதற்கடுத்ததில் பழம் என்று ஒரே நாளில் எல்லாப் பருவங்களையும் பார்க்க முடிந்தது. போர்டோவுக்குப் போயிருந்தால் இது கிடைத்திராது!

ஒரு தோட்டத்தில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு கிலோ மயில்துத்தம் தனியே ஒரு பிளாஸ்டிக் வாளியில். ஒரு கிலோ சுண்ணாம்பு தனியே. இரண்டும் சேர்ந்து 100 லிட்டர். அதாவது ஒரு சதவீதக் கலவை. கலந்ததும் அந்த ஊழியர் அரிவாளை அதில் நனைத்து எடுத்து, வெயிலில் திருப்பிப் பார்த்தார். எதற்கு என்று அப்பா கேட்டார். "செம்பு நெறம் ஏறுனா சுண்ணாம்பு பத்தலைன்னு அர்த்தங்க. எல கருகிரும்" என்றார் அவர். நம் ஆய்வகத்தில் செய்யும் இடப்பெயர்ச்சி வினைதான் இது. கரைந்த நிலையில் செம்பு மிகுந்திருந்தால் இரும்பு அதை வெளியேற்றித் தன்மேல் படியவைக்கும். சுண்ணாம்பு போதிய அளவு இருந்தால் செம்பு கரையாத நிலையில் இலைமேல் ஒட்டிக்கொண்டு, ஈரம் பட்டபோது சிறிது சிறிதாகக் கரைந்து பூஞ்சையைக் கொல்லும். புத்தகத்தில் நான் மனப்பாடம் செய்ததை அவர் அரிவாளால் அறிந்து வைத்திருந்தார்.

இதன் கதையும் சுவையானது. 1878 வாக்கில் அமெரிக்காவிலிருந்து அடிச்சாம்பல் நோய் பிரான்சுக்குள் புகுந்து தோட்டங்களை அழித்தது. பழம் திருடுவோரை அச்சுறுத்த, போர்டோ பக்கத்து உழவர்கள் சாலையோரக் கொடிகளின்மேல் துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிப்பது வழக்கம். அக்கொடிகளில் மட்டும் இலை உதிராதிருப்பதைத் தாவரவியல் பேராசிரியர் மில்லார்தே கவனித்தார். ஆய்ந்து 1885இல் வெளியிட்டார். திருடனுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும் போலும்.

அப்பாவின் மனம் வேறொன்றில் இருந்தது. "தண்ணி எப்படிங்க?" என்றார். தோட்டக்காரர், "கெணறுதாங்க. ஆத்துல தண்ணி வந்தா கெணறு தானா ஊறிரும்" என்றார். அந்த ஆற்று நீர் எங்கிருந்து வருகிறது என்று காணக் கூடலூர் தாண்டி லோயர் கேம்ப் சென்றோம். மேற்கே கடலுக்குப் போன பெரியாற்றை, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியவர் பொறியாளர் பென்னிகுவிக். 1895இல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டது. லோயர் கேம்பில் 2013இல் அவருக்கு மணிமண்டபம் எழுப்பப்பட்டது. அவர் பிறந்த நாளான ஜனவரி 15ஐ உழவர்கள் பொங்கலோடு சேர்த்துக் கொண்டாடுகிறார்கள். அப்பா அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு நெடுநேரம் நின்றார்.

திரும்பும் பேருந்தில்தான் பேசினார். "மாசி பொறந்தா நம்ம போருல அர மணி நேரம் ஓடுதா? கேவுருன்னா மழைக்குக் காத்திருக்கும். கடன் வாங்கிப் போட்ட கொடி காத்திருக்குமா?" எங்கள் மாவட்டத்தின் மேற்கெல்லையில் காவிரி ஓடுகிறது, ஒகேனக்கலில் அருவியாய் விழுகிறது. ஆனால் அது பள்ளத்தில், நாங்கள் மேட்டில். அதன் மிகை நீரை ஏற்றி ஏரிகளை நிரப்ப வேண்டும் என்பது தருமபுரி மக்களின் நெடுநாள் கோரிக்கை. அந்த நீர் எங்கள் ஏரிக்கு வராத வரை ஒன்றரை ஏக்கரிலும் பந்தல் போடுவது அறிவுடைமை ஆகாது என்பதே என் கருத்தும். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு வண்டியில் நன்றாகத் தூங்கினார்.

ஆயா மட்டும் விடவில்லை. நான்கு கண் உள்ள கவாத்துக் குச்சிகள் ஆறு வாங்கி ஈரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பாத்திரம் கழுவும் நீர் ஓடும் இடத்தில் நட்டிருக்கிறோம். நான்கு துளிர்த்துள்ளன. அப்பா நிலத்து மண்ணையும் கிணற்று நீரையும் எங்கள் ஊரிலேயே உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டுபோகப் போகிறார்.

போக விரும்பும் நண்பர்களுக்கு ஒரு சொல். பழம் பறிப்பது காலை வேளையில்தான். வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு உள்ளே நுழையுங்கள். மருந்து தெளித்த கொடியில் பறித்த பழத்தைக் கழுவாமல் உண்ணாதீர்கள். நேரமிருந்தால் சுருளி அருவியில் குளித்துவிட்டு வாருங்கள்.